சென்சஸில் எள்ளுத்தாத்தா பெயர் இருக்குமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்களோடு வேலை பார்க்கும் ஆங்கிலேயர் ஒருவர் 1881-ஆம் ஆண்டு சென்சஸில் தன் முன்னோர் குடியிருந்த வீட்டையே எடுத்துக் காட்டினார். அதே 1881-இல் நம் ஊரிலும் சென்சஸ் எடுத்திருக்கிறார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் நாமக்கல் பக்கமிருந்து கும்பகோணம் பக்கம் பிழைக்க வந்ததாக வீட்டில் சொல்லும் உங்கள் எள்ளுத்தாத்தாவின் பெயரும் அதில் இருக்க வேண்டுமே, அதை எங்கே போய்ப் பார்ப்பது? சென்சஸைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உங்களுக்கு உண்மையில் வேண்டியவை இரண்டு. அந்த மனிதரின் பெயர் ஒன்று. பஞ்சத்தில் வந்தோம் என்ற பேச்சு நிஜந்தானா என்பது இன்னொன்று. பெயருக்குச் சென்சஸ் உதவாது. பேச்சைச் சரிபார்க்க ஓரளவு உதவும். பதிவுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய பத்திரங்களை வைத்துக் குடும்ப வழி தேடுகிறவர்களுக்கு இன்றும் உதவி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

இரண்டு நாட்டுச் சென்சஸும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நடந்தவைதான். இந்தியாவில் 1881 பிப்ரவரி 17 இரவு, பிரிட்டனில் அதே வருடம் ஏப்ரல் 3 இரவு. இரண்டு இடத்திலும் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார்கள். பிரிட்டனில் வீட்டுத்தாளில் இருந்ததைக் கணக்கெடுப்பாளர் ஒரு புத்தகத்தில் பெயர்த்து எழுதினார், அந்தப் புத்தகங்களை அரசு வைத்துக்கொண்டது. குடும்பத்தலைவர் யார், மற்றவர்கள் அவருக்கு என்ன உறவு, கல்யாணம் ஆனவரா, வயது என்ன, தொழில் என்ன, எந்த ஊரில் பிறந்தவர் என்பதெல்லாம் ஆளுக்கு ஒரு வரியில் இருக்கும். நூறு வருடம் கழித்துப் பொதுப் பார்வைக்குத் திறப்பது அவர்கள் வழக்கம். அதனால் 1921 வரை இப்போது பார்க்கலாம். இங்கிலாந்து, வேல்ஸின் 1931 தாள்கள் 1942 டிசம்பரில் தீயில் எரிந்து போயின. 1941-இல் போரினால் சென்சஸே எடுக்கவில்லை. அமெரிக்காவில் 72 வருடக் கணக்கு. அங்கே 1950-ஆம் ஆண்டுப் பதிவுகள் 2022 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டன.

நம் நாட்டில் தாளில் பெயர் எழுதியது, ஒரே ஆளை இரண்டு முறை எண்ணிவிடாமல் இருக்கத்தான். அரசுக்கு வேண்டியது எண்ணிக்கை. எத்தனை ஆண், எத்தனை பெண், எந்த மதம், எந்தச் சாதி, என்ன மொழி, என்ன தொழில் என்று கூட்டிப் போட்டு அட்டவணை அச்சானதும் பெயர் இருந்த தாள்களுக்கு வேலை முடிந்துவிட்டது. 1901 முதல் ஆளுக்கொரு சீட்டு எழுதி, மதத்துக்கு ஒரு நிறத் தாள் என்று பிரித்து வைத்துக்கொண்டு எண்ணினார்கள். வேகமாக எண்ணுவதற்கு வந்த ஏற்பாடு அது. வீட்டுத்தாள்களைப் பிற்காலத்துக்கு வைத்திருக்கும் வழக்கம் இங்கே வரவேயில்லை. அப்படி வைத்திருந்தாலும் பாதிப் பெயர்தான் கிடைத்திருக்கும். வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லத் தயங்கினால் ‘பெண்’ என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று அன்றைய கணக்கெடுப்பாளர்களுக்கு அறிவுறுத்தல் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமே குறுக்கே நிற்கிறது. 1948-ஆம் ஆண்டுச் சென்சஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, கணக்கெடுப்பில் எழுதிய பதிவேட்டைப் பார்வையிட யாருக்கும் உரிமையில்லை. சிவில் வழக்கில் அதைச் சாட்சியமாகவும் காட்ட முடியாது. இத்தனை வருடம் கழித்துத் திறக்கலாம் என்ற கணக்கும் அதில் இல்லை. நாம் பயமில்லாமல் உள்ளதைச் சொல்வதற்காக வைத்த காப்பு அது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தாத்தாவின் 1951 சென்சஸ் தாளைத் தேடி அலைவதில் பயனில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘1901 சென்சஸில் உங்கள் குடும்பப் பதிவை எடுத்துத் தருகிறோம்’ என்று சென்னை மாகாணத்து ஊரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 1951 சென்சஸ் சீட்டுகளை வைத்துத் தேசியக் குடிமக்கள் பதிவேடு என்று ஒன்றை வீடுவாரியாக, குடியிருந்தவர்கள் பெயரோடு எழுதினார்கள். அசாமில் அந்தப் பதிவேட்டையும் 1971 மார்ச் 24 வரைக்குமான வாக்காளர் பட்டியல்களையும் கணினியில் ஏற்றி, இதில் உன் தகப்பன் பாட்டன் பெயரைக் காட்டு, அவருக்கு நீ என்ன உறவு என்று நிரூபி என்று ஜனங்களைக் கேட்டார்கள். 2019 ஆகஸ்ட் 31 அன்று வந்த இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் விடுபட்டுப் போனார்கள். எழுத்துப் பிழை, வயது வித்தியாசம், கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்ணுக்குத் தகப்பன் பெயர் காட்டும் காகிதம் இல்லாமை என்று அங்கே ஜனங்கள் பட்ட பாடெல்லாம் நீங்கள் தேடும்போதும் எதிரே வரும். உங்களுக்கு அது வெறும் சிரமம். அவர்களுக்கு அது குடியுரிமைக் கேள்வி. அதை நினைத்தாலே மனசு கனக்கிறது.

சரி, பஞ்சத்துப் பேச்சுக்கு வருவோம். இங்கேதான் சென்சஸ் அறிக்கைகள் கைகொடுக்கும். சென்னை மாகாணத்தில் முதல் சென்சஸ் 1871 நவம்பர் 15 அன்று எடுக்கப்பட்டது. அறிக்கையை எழுதியவர் டாக்டர் கார்னிஷ். அடுத்தது 1881, மெக்கைவர் எழுதியது. இரண்டுக்கும் நடுவில்தான் 1876 முதல் 1878 வரை அந்தப் பெரும் பஞ்சம். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1871-இல் சேலம் மாவட்டத்து ஜனத்தொகை 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். பத்து வருடம் கழித்து 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவரைக் காணோம். செத்தவர்கள் எத்தனை, ஊரை விட்டுப் போனவர்கள் எத்தனை என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. அதே பத்து வருடத்தில் காவிரிப் பாசனம் இருந்த தஞ்சாவூர் மாவட்டத்தில் ஜனத்தொகை கூடியிருக்கிறது. மேற்கிலிருந்து ஆற்றோரமாகக் கிழக்கே போனால் கஞ்சியாவது கிடைக்கும் என்று ஒரு குடும்பம் நடந்திருந்தால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இதில் உறுதியானது, பஞ்சம் நாமக்கல் பக்கத்தைக் கடுமையாக அடித்தது என்பதும் தஞ்சாவூர்ப் பக்கம் தப்பிப் பிழைத்தது என்பதும். உங்கள் வீட்டில் சொல்லும் வழி அதற்குப் பொருந்துகிறது. ஆனாலும் உங்கள் குடும்பம் அப்போதுதான் வந்தது என்பதற்கு இது ஆதாரம் ஆகாது. ‘தாது வருஷம்’ என்ற சொல் பஞ்சத்துக்கே பெயராகிப் போய், பிற்காலத்தில் வந்த கஷ்டங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வரும் என்பதையும் மறக்கக் கூடாது. 1876–77 தாது, 1936–37-ம் தாது. ‘தாது வருஷத்தில் பிறந்தவர்’ என்றால் எந்தத் தாது என்று, கூடச் சொல்லும் வேறு விஷயங்களை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். வயதும் அப்படித்தான். அன்றைய சென்சஸ் அறிக்கைகளிலேயே 30, 35, 40 என்று ஐந்திலும் பத்திலும் முடியும் வயதுகளில் ஜனம் குவிந்து கிடக்கும். பத்திரத்தில் ‘வயது சுமார் 40’ என்று பார்த்தால் 34 முதல் 46 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வேன்.

இனிப் பெயருக்கு வருவோம். எண்ணுகிற இடத்தில் பெயர் நிற்காது. சொத்து கைமாறுகிற இடத்திலும் வரி வாங்குகிற இடத்திலும் பெயர் நிற்கும், ஏனென்றால் நாளைக்குத் தகராறு வந்தால் இன்னார்தான் என்று காட்ட வேண்டும். நம் பக்கத்தில் பத்திரப் பதிவு 1860-களின் நடுவிலேயே வந்துவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பல புத்தகங்கள் உண்டு. நிலம், வீடு சம்பந்தப்பட்ட பத்திரங்கள் முழுக்க எழுதப்படுவது 1-ஆம் புத்தகத்தில். அதற்குப் பெயர் அட்டவணை ஒன்று, சொத்து அட்டவணை ஒன்று. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவர் பெயரும் பெயர் அட்டவணையில் ஏறும். உயில்கள் இருப்பது 3-ஆம் புத்தகம். 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டித் தேடலாம், சான்றிட்ட நகல் வாங்கலாம் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. ‘உனக்கும் இந்தச் சொத்துக்கும் என்ன சம்பந்தம்’ என்று கேட்டுத் திருப்பி அனுப்ப அதில் இடமில்லை. உயில் அப்படியில்லை, அதற்குக் கட்டுப்பாடு உண்டு.

இணையத்தில் வில்லங்கச் சான்று பொதுவாக 1975 முதல்தான் வரும். அதற்கு முன்னால் என்றால் மனுக் கொடுத்து அலுவலகத்திலேயே தேடச் சொல்ல வேண்டும். எந்தக் கிராமம் எந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவகத்தோடு இருந்தது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். புது அலுவலகம் பிறக்கும்போது கிராமங்கள் இடம் மாறும். மாவட்டமும் மாறும். நாமக்கல்லே 1910-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குப் போய், மறுபடி சேலத்துக்கு வந்து, 1997-இல் தனி மாவட்டமானது. கரூரும் அதே 1910-இல்தான் கோயம்புத்தூரிலிருந்து திருச்சிக்குப் போனது. இது தெரியாமல் தேடினால் இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு பழைய கிரயப் பத்திரம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். ‘1923 வருஷம்’ என்று தொடங்கி, ருத்ரோத்காரி வருஷம், மாதம், தேதி. ‘இன்ன தாலூகா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னாருக்கு, மேற்படி கிராமத்திலிருக்கும் காலஞ்சென்ற இன்னார் குமாரர் இன்னார், தனக்காகவும் தன் மைனர் குமாரர்கள் சுமார் 9 வயதுள்ள இன்னார், சுமார் 6 வயதுள்ள இன்னார் இவர்களுக்குக் கார்டியனாகவும் எழுதிக் கொடுத்த சுத்தக் கிரய சாசனம்.’ இந்த ஒரே வாக்கியத்தில் மூன்று தலைமுறை இருக்கிறது. தாத்தா செத்துவிட்டார் என்பது, மகனுக்கு எத்தனை ஆண் பிள்ளைகள், அவர்களுக்கு என்ன வயது, எல்லாம். கீழே வாருங்கள். எதற்காக விற்கிறார் என்று இருக்கும்: இன்னாருக்குக் கொடுக்க வேண்டிய புரோநோட்டுக் கடனுக்காக, மகள் விவாகச் செலவுக்காக. அதற்கும் கீழே, இந்த நிலம் தனக்கு எப்படி வந்தது என்பது: ‘பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டது’ என்றால் தகப்பன் வழி, ‘1904-ஆம் வருஷம் இன்னாரிடம் கிரயம் பெற்றது’ என்றால் அந்தப் பத்திரத்தைப் பிடித்து இன்னும் பின்னால் போகலாம். நான்கெல்லை விவரத்தையும் விடாதீர்கள். ‘என் பங்காளி இன்னார் நிலத்துக்குக் கிழக்கு’ என்று அண்ணன் தம்பி வகையறா அங்கே தலை காட்டுவார்கள். சாட்சிக் கையெழுத்தில் பெரும்பாலும் மாமன் மச்சான் இருப்பார்கள்.

எல்லாவற்றிலும் மேலானது பாகப்பிரிவினைப் பத்திரம். குடும்பத்தில் யார் யார், யாருக்கு எது என்று அவர்களே உட்கார்ந்து சொல்லி எழுதியது. பழைய பாகப்பிரிவினைகளில் பெண்மக்கள் பெயர் இருக்காது. மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் வந்த பிறகுதான் அவர்கள் பெயர் வழக்கமாக ஏறுகிறது. பெண்களைத் தேடுகிறவர்கள் தான செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம், ஜீவனாம்சத்துக்கு எழுதிய பத்திரம் ஆகியவற்றைப் பாருங்கள். ‘இன்னார் பாரியாள்’, ‘காலஞ்சென்ற இன்னார் விதவை’ என்று புருஷன் பெயரோடுதான் வருவார்கள், ஆனாலும் சொந்தப் பெயரும் கூடவே இருக்கும்.

நிலவரிக் கணக்கு இதற்குத் துணை. கிராமத்து ‘அ’ பதிவேடு, பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் தாலூகா அலுவலகத்து வேலை. 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். என்ற நிலவரிப் பதிவேட்டுத் திருத்தத்துக்கு முந்தைய பட்டாதாரர் பெயர் தேவை. இப்போதைய பட்டாவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். நிலம் இனாமாக, அதாவது மானியமாக வந்தது என்று வீட்டில் பேச்சு இருந்தால் 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் எழுதிய பதிவேடுகள் உண்டு. எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவும் 1899-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பல ஊர்களில் இருக்கிறது. அதில் பிறப்பு வரியில் தகப்பன் பெயரும் ‘ஆண்’, ‘பெண்’ என்பதும்தான் இருக்கும். பெயர் வைப்பதற்கு முன்பே கிராம அதிகாரிகளான கர்ணமோ முன்சீப்போ எழுதிவிடுவார். இறப்பு வரிகள் அதைவிடப் பயன்படும்.

அரசாங்கத்துக்கு வெளியே நாமே எழுதி வைத்த கணக்கும் உண்டு. குலதெய்வக் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கிய நோட்டைக் கேட்டுப் பாருங்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு; வரிசையாகப் பெயரும் ஊரும். வெளியூர் போய்விட்டவர்களிடமும் ஆள் அனுப்பி வாங்கியிருப்பார்கள். உங்கள் குடும்பத்துக்கு இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். நாமக்கல் பக்கத்து எந்தக் கோயிலுக்கு இன்றைக்கும் நேர்த்திக்கடன் போகிறது என்பது தெரிந்தால் கிளம்பி வந்த ஊர் தெரிந்துவிடும். நகரத்தார்கள் ஒன்பது கோயில் வழியாகப் புள்ளிக் கணக்கை, அதாவது கல்யாணமான குடும்பங்களின் கணக்கை, ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளும் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடும் இருக்கின்றன. எல்லாச் சாதி மதத்துக்கும் பொதுவாக மொய் நோட்டு இருக்கிறது. பரணில் கிடக்கும் 1950-களின் மொய் நோட்டு ஒன்று, உறவு எந்தெந்த ஊரில் இருந்தது என்பதைப் பட்டியலாகவே தந்துவிடும்.

சமீபத்துத் தலைமுறைக்குப் பழைய வாக்காளர் பட்டியல் நல்ல துணை. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது எல்லோரும் 2002, 2005 பட்டியல்களில் அப்பா அம்மா பெயரைத் தேடினோமே, அதேதான். கதவு எண் வரிசையில், தகப்பன் அல்லது கணவன் பெயரோடு, வயதோடு இருப்பதால் வெளிநாட்டுச் சென்சஸ் தாளுக்கு நம்மிடம் இருப்பதில் மிக நெருங்கியது அதுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலே சொன்னதில் பெரும்பகுதி, நிலமோ வீடோ இருந்த குடும்பங்களுக்கு. பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தவர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் முதல் தலைமுறையில் பண்ணையிலோ கூலிக்கோதான் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரில் பத்திரம் இருக்காது. உங்கள் குடும்பத்தின் முதல் கிரயம் 1900-க்குப் பிறகுதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். அந்தப் பத்திரத்தில் வாங்குகிறவரின் தகப்பன் பெயராக உங்கள் எள்ளுத்தாத்தா வருவார். அதற்கு மேல் எழுத்தில் போவது கடினம். தலைமுறை தலைமுறையாக நிலமே இல்லாதிருந்த குடும்பங்களுக்கு அந்த ஒரு வரியும் கிடைப்பதில்லை. அவர்கள் உழைத்த வயலுக்கு நூறு வருடப் பத்திரம் இருக்கிறது, அவர்கள் பெயர் இல்லை. இந்த வேலையில் எனக்கு ஆறாத வருத்தம் இது.

அப்படிப்பட்ட குடும்பங்களில் கடல் கடந்து போனவர்கள் இருந்தால் மட்டும் நிலைமை மாறுகிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று எழுதி வைத்தார்கள். இந்தப் பட்டியல் இணையத்திலேயே கிடைக்கிறது. மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கும் குடியேற்றப் பதிவுகளில் போட்டோ கூட உண்டு. ‘எள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவர் கப்பலேறிப் போனார், திரும்பவில்லை’ என்று உங்கள் வீட்டில் பேச்சு இருந்தால் அவரை அங்கே தேடுங்கள். அவருடைய தகப்பன் பெயரும் கிராமமும் கிடைத்தால் உங்கள் எள்ளுத்தாத்தாவுக்கும் அதே தகப்பன், அதே ஊர்தானே. ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் கேட்டபடி எழுதியிருப்பார்கள். வாய்விட்டுப் படித்தால்தான் எந்த ஊர் என்று பிடிபடும்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. கும்பகோணம் பக்கத்தில் இப்போது உங்கள் வகையறா கையில் இருக்கும் பழைய நிலம் ஒன்றின் சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சார்பதிவகத்தில் அந்த எண்ணுக்கு முடிந்தவரை பின்னால் போய் வில்லங்கம் போடச் சொல்லுங்கள். வருகிற பத்திரங்களில் மிகப் பழையதன் முழு நகலை வாங்குங்கள். சுருக்கத்தை மட்டும் வாங்கினால் மைனர் பிள்ளைகளும் எல்லைக்காரரும் விட்டுப்போவார்கள். அதே சமயம் குலதெய்வக் கோயில் எது என்று பெரியவர்களிடம் கேட்டு அங்கே நோட்டைத் தேடுங்கள். பத்திரத்துப் பெயரும் கோயில் நோட்டுப் பெயரும் ஒன்றானால் உறுதி என்று கொள்ளலாம். பெயர் ஒன்றாக இருந்து தகப்பன் பெயர் வேறானால் நிறுத்திவிடுங்கள், ஒரே பெயரில் ஊருக்கு நாலு பேர் இருந்த காலம் அது. பழைய நகலில் தமிழ் எண்கள் இருக்கும். நிலம் வேலி, மா, குழி என்று இருக்கும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, இன்றைய கணக்கில் ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். கையெழுத்து புரியாத இடம் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் தெளிவாகப் படம் எடுத்து, சர்வே எண்ணையும் இப்போது இருப்பவர்கள் பெயரையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். படித்துச் சொல்கிறேன்.